ஷெஃபீல்டு மடக்குக் கத்தி: எஃகா, வெள்ளியா?

பழைய ஆங்கிலேய மடக்குக் கத்தி சேர்க்கத் தொடங்குபவர்கள் தடுமாறும் இடம் இதுதான்: எஃகு அலகுள்ள பேனாக்கத்தியா, முத்துச்சிப்பிப் பிடி போட்ட, பழம் நறுக்கும் வெள்ளிக் கத்தியா?

வயது கணிக்க
வெள்ளி: சுலபம். வெள்ளியின் தூய்மையைச் சோதிக்கும் ஷெஃபீல்டு நகரச் சோதனைச்சாலை 1773இலிருந்து குத்திய கிரீட முத்திரையோடு, ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் இருக்கும். அட்டவணையில் பார்த்தால் ஆண்டே கிடைத்துவிடும். அரசர் தலையும் இருந்தால் 1784–1890.
எஃகு: துப்பறியும் வேலை. அலகின் அடியில் 'வி ஆர்' என்றிருந்தால் விக்டோரியா காலம், 1837–1901. 'இங்கிலாந்து' என்று குத்தியிருந்தால் பெரும்பாலும் 1890க்குப் பிந்தியது. அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் அது தயாரான நாட்டின் பெயரைக் கேட்டது. அலகு துருப்பிடிக்காத எஃகு என்றால் 1913க்கு முந்தியதாக இருக்க வழியில்லை.

சீர்செய்ய
எஃகு: துரு வரும். எண்ணெயில் ஊறவைத்து மெல்லிய கம்பிப்பஞ்சால் மெதுவாகத் தேய்த்தால் போதும். பளபளப்பாக்கும் சக்கரத்தில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், முத்திரை போய்விடும்.
வெள்ளி: கறுக்கும், அவ்வளவுதான். சிப்பிப் பிடியில் விரிசல் விட்டால் தலைவலி.

ஆண்டு துல்லியமாக வேண்டுபவருக்கு வெள்ளி. கையில் கறைபட உட்கார்ந்து ஆராய்வது பிடிக்குமென்றால் எஃகு. என் ஓட்டு அதற்குத்தான்.