சருகுப் பாத்தியில் விதையா, நாற்றா?

அடியில் அட்டை, அதன் மேல் காய்ந்த சருகு, பச்சைத் தழை, மீண்டும் சருகு, உச்சியில் மட்கிய உரம். இப்படி அடுக்கி எழுப்பிய பாத்தியில் விதையை நேரடியாக ஊன்றுவதா, நாற்று நடுவதா? மண்பாத்தி என்றால் பயிரின் பெயரே விடை சொல்லிவிடும். சருகுப் பாத்தியில் பாத்தியின் வயதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

விதைக்கு முதலில் வேண்டியது சத்து அல்ல, விட்டுப்போகாத ஈரம். மண் தன் நுண்துளைகள் வழியே கீழிருந்து நீரை ஏற்றி விதையைச் சுற்றி வைத்திருக்கும். மட்காத சருகுகளுக்கு நடுவிலோ பெரிய காற்று இடைவெளிகள்தான் இருக்கின்றன. ஊற்றிய நீர் இறங்கும், ஏறி வராது. மேலே மெல்லிதாகப் பரப்பிய உரம் நல்ல வெயிலில் ஒரே பகலில் உலர்ந்துவிடும். முளை கிளம்பிய நேரத்தில் அப்படி ஒரு முறை காய்ந்தாலே விதை செத்துப்போகும். கீரை முளைக்கவில்லை என்று விதையைக் குறை சொல்பவர்கள், விதைத்த இடத்தில் விரலை விட்டு அடியில் மண் இருக்கிறதா, வெறும் சருகா என்று பார்க்க வேண்டும்.

நாற்று இந்த ஆபத்தைக் கடந்து வந்தது. சருகை விலக்கி, குழியில் இரண்டு கை மட்கிய உரம் இட்டு, வேர்மண் கலையாமல் நட்டால் பிடித்துக்கொள்ளும். தக்காளி நாற்றைத் தண்டின் கீழ்ப்பகுதி புதையும்படி நடலாம்; புதைந்த தண்டிலும் வேர் விடும். நத்தைகளுக்கும் சருகுப் பாத்தி நல்ல புகலிடம். இரண்டு இலை முளையை அவை ஓரிரவில் தின்று தீர்த்துவிடும். ஐந்தாறு இலை கொண்ட நாற்று ஓர் இலையை இழந்தாலும் பிழைத்துக்கொள்ளும். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றுக்கும் புதுப் பாத்தியில் நாற்றுதான் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் நாற்றுக்கும் தொல்லை உண்டு. காய்ந்த சருகில் கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு. அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் சுற்றியுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால், வேர் சருகு அடுக்கை எட்டியதும் அடியிலைகள் வெளிறி மஞ்சளாகும். பச்சைத் தழையை தாராளமாக அடுக்கியிருந்தால் இந்தத் தட்டுப்பாடு குறையும். மட்க மட்கப் பாத்தி நன்றாகவே அமுங்கும் என்பதால், வெளியே தெரியும் வேர்களுக்கு அவ்வப்போது உரம் அணைக்க வேண்டும்.

பீன்ஸ், வெள்ளரி, பூசணி, வெண்டை ஆகியவற்றுக்கு நேரடி விதைப்பே மேல். பெரிய விதைக்குள் இருக்கும் சேமிப்பு முளையை முதல் சில நாட்கள் தாங்கும்; இவற்றின் வேர்களுக்கு இடமாற்றமும் பிடிக்காது. விதையைச் சருகுக்குள் செருகாமல், சருகை ஒதுக்கி உரம் நிரப்பிய குழியில் ஊன்றினால் போதும். பூசணி பாதி மட்கிய குவியலிலேயே செழித்துப் படரும்.

சிக்கல் கேரட்டில்தான். ஆணிவேர் அடிபட்டால் கிழங்கு கிளைத்துவிடும் என்பதால் நாற்று சரிப்படாது. நேரடியாக விதைத்தாலும், இறங்கும் வேர் மட்காத குச்சியிலோ அட்டையிலோ முட்டினால் அதே கதிதான். முளைக்க ஒன்று முதல் மூன்று வாரம் எடுப்பதால் ஈரம் காப்பதும் கடினம். முதல் பருவத்தில் கேரட்டை விட்டுவிடுங்கள். சருகு கருத்து, கையில் பொடியாக உதிரும் நிலைக்கு வந்த பிறகு விதையுங்கள். சில நாட்களிலேயே முளைக்கும் சிறிய உருண்டை முள்ளங்கிக்கு அவ்வளவு காத்திருப்பு தேவையில்லை.

கீரையைப் புதுப் பாத்தியிலேயே விதைத்தாக வேண்டுமென்றால், ஒரு சாண் அகலத்துக்குச் சருகை விலக்கி, 10 செ.மீ. ஆழத்துக்கு மட்கிய உரமும் மண்ணும் கலந்து நிரப்பிப் பலகையால் அழுத்துங்கள். மேலே விதைத்து, லேசாக மூடி, பூவாளியால் நனைத்து, ஈரச் சாக்கை விரியுங்கள். முதல் முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் முளைகள் வெளிறி நீண்டு சாய்ந்துவிடும். விலக்கிய சருகைச் செடி விரல் உயரம் வந்த பிறகே அருகில் தள்ளுங்கள்.