‘8 கிலோவாட்’ டீசல் ஹீட்டர்: கேம்பருக்கு வாங்குமுன் வாசியுங்கள்

கெப் வண்டியின் பின்தட்டில் கேம்பர் பெட்டி ஏற்றி, இல்லையென்றால் பழைய வேனுக்குள் படுக்கை அடித்து, நுவரெலியா, பட்டிப்பொல, அம்பேவெல பக்கம் இரவு தங்கப் போகிறவர்கள் கொழும்பில் கூடிக்கொண்டே வருகிறார்கள். சனவரி, பெப்ரவரியில் அங்கே விடிய முன்னர் புல்லில் உறைபனி படியும். அதனால் கைப்பிடியில் தூக்கிப் போகும் சைனா டீசல் ஹீட்டருக்கு நல்ல கிராக்கி. கொழும்பில் ஒரு விற்பனையாளரிடம் நாங்கள் வாங்கிய அப்படியான ஒரு பெட்டியை முழுதாகக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறோம். என்ன சொல்லி விற்றார்கள், உள்ளே என்ன இருந்தது, அவர்கள் அனுப்பிய பாஸ் (மெக்கானிக்) அதை வண்டியில் எப்படிப் பூட்டிவிட்டுப் போனார் என்பதெல்லாம் கீழே இருக்கிறது. காசு போனது இரண்டாவது விஷயம். அதே பெட்டியை வாங்கிக் குழந்தைகளோடு மலைக்குப் போகிறவர்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

முதலில், 8 கிலோவாட் வெப்பம் தரும் என்று சொல்லி விற்ற கதை. ஒரு லீற்றர் டீசலில் இருக்கும் வெப்பம் ஏறத்தாழ 10 கிலோவாட் மணி. பெட்டியோடு வந்த தாளில் எரிபொருள் செலவு மணிக்கு 0.18 முதல் 0.48 லீற்றர் என்று அச்சடித்திருக்கிறார்கள். 0.48 லீற்றரை எரித்தால் ஒரு துளி வெப்பம் வீணாகாவிட்டாலும் 4.8 கிலோவாட்டுக்கு மேல் வராது. 8 எங்கிருந்து வந்தது? ஸ்டிக்கரிலிருந்து. பம்பின் மேலும் 22 மில்லிலீற்றர் என்று இருந்தது. அது பம்ப் ஆயிரம் தடவை அடித்தால் தள்ளும் டீசலின் அளவு. செக்கனுக்கு ஐந்தரை அடி என்ற உச்ச வேகத்தில் மணிக்கு 19,800 அடி, அதாவது 436 மில்லிலீற்றர். பெருக்கிப் பார்த்தால் 4.4 கிலோவாட்டைத் தாண்டாது. வழக்கமான 5 கிலோவாட் உடம்புக்கு 8 என்று பேர் வைத்துக் கூடுதல் காசு வாங்கியிருக்கிறார்கள்.

உண்மையில் கேம்பருக்கு 8 தேவையுமில்லை, 5 தேவையுமில்லை. நமது மலைநாட்டுக் குளிருக்கு, சுவரில் ஓரளவு இன்சுலேஷன் அடித்த சின்னக் கேம்பருக்கு 2 கிலோவாட் தாராளம். பெரிய ஹீட்டரை வாங்கினால் கொஞ்ச நேரத்தில் உள்ளே சூடாகிவிடும், பிறகு விடியும்வரை மிகக் குறைந்த அளவில்தான் ஓடும். குறைந்த அளவில் ஹீட்டருக்குள் இருக்கும் எரிப்பு அறை முழுச் சூட்டுக்கு வராததால் டீசல் சரியாக எரியாமல் கரி படிகிறது. டீசலைப் பற்றவைக்கும் குளோ பிளக்கைச் சுற்றியுள்ள வலை அடைபடும், ஸ்டார்ட் ஆக மறுக்கும், வெள்ளைப் புகை தள்ளும். பிறகு அதே கடையில் புது வலைக்கும் புது பிளக்குக்கும் காசு கட்ட வேண்டும்.

இரண்டாவது, ‘12, 24 ரெண்டுக்கும் போடலாம்’ என்ற உறுதிமொழி. எங்களுக்குத் தந்ததில் குளோ பிளக்கிலும் பம்பிலும் 12 வோல்ட் என்று தெளிவாகப் பொறித்திருந்தது. இருக்கிற கெப்புகளில் பெரும்பாலானவை 12 வோல்ட், ஆனால் எல்ஃப் போன்ற லொறிகளில் கேம்பர் கட்டுகிறவர்களுக்கு பெரும்பாலும் 24 வோல்ட் பற்றரிதான் இருக்கும். இரண்டு வோல்டேஜுக்கும் உண்மையாகவே ஓடுகிற கன்ட்ரோல் போர்டுகள் சந்தையில் உண்டு. ஆனால் அதை விற்பவரின் வாயிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. பிளக், பம்ப், ஃபேன், போர்டு நான்கிலும் என்ன எழுதியிருக்கிறது என்று மூடியைத் திறந்து வாசித்தால்தான் தெரியும்.

மூன்றாவதுதான் ஆளைக் கொல்லும் பொய். “உள்ளுக்கே வைங்க அண்ணே, புகைக் குழாயை மட்டும் ஜன்னலால வெளிய விட்டா போதும்” என்று சொல்லித்தான் விற்கிறார்கள். டீசல் தாங்கி, பம்ப், ஹீட்டர் மூன்றையும் ஒரே தகரப் பெட்டிக்குள் அடைத்த இந்த வகை, வண்டிக்கு வெளியே நிலத்தில் வைத்துச் சூடான காற்றை மட்டும் 75 மில்லிமீற்றர் குழாயால் உள்ளே அனுப்புவதற்கானது. காரணம் இருக்கிறது. ஹீட்டருக்குள் இரண்டு காற்றோட்டங்கள் உண்டு. ஒன்று நாம் சுவாசிக்கும் காற்று, உலோகச் செதில்களைத் தொட்டுச் சூடாகி வெளியே வரும். மற்றது எரிவதற்கான காற்று, எரிந்து புகையாகி 24 மில்லிமீற்றர் குழாயால் போகும். இரண்டும் சந்திக்கவே கூடாது. எங்களுக்கு வந்த பெட்டியிலோ ஹீட்டரிலிருந்து கீழே நீட்டும் புகை வாய் குட்டையாக இருந்ததால் குழாயை மாட்டும் கிளிப் பெட்டிக்கு உள்ளேயே உட்கார்ந்திருந்தது. சூடாக்க வேண்டிய காற்றையும் ஃபேன் அதே பெட்டிக்குள்ளிருந்துதான் இழுக்கிறது. கிளிப்பின் திருகைக் கையாலேயே சுற்ற முடிந்தது, அதைச் சுற்றித் தகட்டில் ஒரு விரல் அகலத்துக்குக் கரி படிந்திருந்தது. அந்த இடைவெளியால் கசிந்தது எல்லாம் ஃபேனுக்குள் போய், சூடான காற்றோடு கலந்து, படுத்திருப்பவரின் முகத்துக்கு நேரே வந்திருக்கும்.

எரியும் காற்றையும் உள்ளேயிருந்தே எடுத்தால் இன்னொரு பிரச்சினை. ஒரு லீற்றர் டீசல் எரிய ஏறத்தாழ 10 கன மீற்றர் காற்று வேண்டும். ஒரு சிறிய கேம்பரின் மொத்தக் கொள்ளளவே அவ்வளவுதான். ஜன்னலை அடைத்துப் படுத்தால் காற்றுப் போதாமல் எரிப்புக் கெட்டுப்போகும், காபன் மொனொக்சைட்டு என்ற நச்சுவாயு கூடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஹீமோகுளோபினோடு ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தலைச்சுற்று என்றுதான் தொடங்கும். மலை வளைவுகளில் வந்த களைப்பு என்று நினைத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார்கள்.

சைலன்சரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூட வரும் அந்தக் குட்டி டப்பா காற்றுப் புகாத ஒன்றல்ல. இரண்டு தகடுகளை மடித்து அழுத்தியிருப்பார்கள், பற்றவைப்பு இருக்காது, அடியில் நீர் வடிய ஒரு சிறு துளையும் உண்டு. வண்டிக்கு வெளியே அது பரவாயில்லை. உள்ளே வைத்தால் அந்த மடிப்பும் துளையும் புகைக்கு வாசல். புகை போகும் நெளிவுக் குழாயும் அப்படித்தான். நாடாவைச் சுருட்டிச் செய்த ஒற்றை அடுக்குக் குழாயை வளைத்தால் மடிப்புகள் விரியும், மூட்டு மூட்டாகக் கசியும். இரட்டை அடுக்கு ஸ்டெயின்லெஸ் குழாயைக் கேட்டு வாங்குங்கள். பட்டி அகலமான, போல்ட்டால் இறுக்கும் கிளிப்புகள் பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் கிடைக்கும். பெட்டியோடு வரும் மெல்லிய கிளிப்பை எறிந்துவிட்டு அவற்றைப் போடுங்கள்.

இனி பூட்டிய விதம். விற்பனையாளர் அனுப்பிய பாஸ் ஒரு மணித்தியாலத்துக்குள் வேலையை முடித்துவிட்டார். புகைக் குழாயைப் பலகைத் தரையில் துளைத்து விட்டிருந்தார். இடையில் உலோகத் தகடும் இல்லை, இடைவெளியும் இல்லை. ஹீட்டர் முழு வேகத்தில் ஓடும்போது அந்தக் குழாய் பலகையைக் கருக்கும் அளவுக்குச் சூடாகும். குழாயின் வாய் வண்டியின் அடியிலேயே, எரிகாற்றுக் குழாயின் வாய்க்குப் பக்கத்திலேயே முடிந்திருந்தது. அப்படி விட்டால் ஹீட்டர் தன் புகையைத் தானே குடிக்கும், மிச்சம் தரையின் வெடிப்புகளால் உள்ளே ஏறும். புகை வாய் வண்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே வர வேண்டும், ஓட்டத் திசைக்கு முன்னால் பார்க்கக் கூடாது, கதவுக்கும் ஜன்னலுக்கும் அடியில் வரக் கூடாது. குழாய் முழுதும் வெளிப்பக்கம் சரிந்து ஓட வேண்டும். நடுவில் தொங்கினால் அந்த இடத்தில் நீர் தேங்கிக் குழாயை அடைக்கும்.

வயர் இன்னொரு அநியாயம். ஸ்டார்ட் ஆகும்போது குளோ பிளக் 8 முதல் 10 அம்பியர் இழுக்கும். பற்றரிக்கும் ஹீட்டருக்கும் இடையே நான்கு மீற்றர் தூரம், போக வர எட்டு மீற்றர் வயர். பாஸ் போட்ட ஒரு சதுர மில்லிமீற்றர் வயரில் 10 அம்பியருக்கு 1.4 வோல்ட் விழும். பற்றரியில் 12.4 இருந்தாலும் ஹீட்டருக்குப் போவது 11 வோல்ட்தான். குளிர் இரவில் பற்றரி இன்னும் இறங்கும்போது, பல மொடல்களில் இ-01 என்று காட்டி நின்றுவிடும். நான்கு சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் இழப்பு 0.35 வோல்ட்டுக்குள் அடங்கும். பற்றரியிலிருந்து நேரே வந்து, பற்றரிக்குப் பக்கத்தில் ஒரு ஃபியூஸ் வைத்து இணைக்க வேண்டும். ஹீட்டரின் வயரைச் சாவியோடு இணைத்தது எல்லாவற்றையும் விட முட்டாள்தனம். ஹீட்டரை அணைத்த பிறகும் சில நிமிடங்கள் ஃபேன் ஓடி உடம்பைக் குளிரவைக்க வேண்டும். சாவியைத் திருப்பியவுடன் கரண்ட் போனால் ஃபேன் உடனே நிற்கும், உள்ளே இருக்கும் சூடு மேலே ஏறி போர்டையும் பிளாஸ்டிக் கூட்டையும் உருக்கும்.

டீசல் பம்பைப் படுக்கையாகக் கட்டியிருந்தார். அது வெளிவாய் மேலே பார்க்க 15 முதல் 35 பாகை சரிவில், தாங்கிக்குக் கிட்ட, ரப்பர் பிடியில் தொங்க வேண்டும். படுக்க வைத்தால் காற்றுக் குமிழி உள்ளே தங்கும், சுடர் விட்டுவிட்டு எரியும், நடு இரவில் அணையும். கூட வரும் பச்சை நிற மெதுக் குழாய்க்குப் பதில் உள்விட்டம் 2 மில்லிமீற்றர் உள்ள கெட்டியான நைலோன் குழாய் போடுங்கள். இணைக்கும் ரப்பருக்குள் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று முட்டி நிற்க வேண்டும். இடைவெளி விட்டால் அங்கேயும் குமிழி சேரும்.

கடையில் ஓட்டிக் காட்டியதை நம்ப வேண்டாம். கொழும்பின் வெக்கையில், கடல் மட்டத்தில், சுவர் பிளக்கிலிருந்து எடப்டரில் ஓட்டினால் எந்த ஹீட்டரும் நன்றாகத்தான் ஊதும். வயரின் குறை அங்கே தெரியாது. காற்றின் குறையும் தெரியாது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், ஹோட்டன் சமவெளி 2,100 மீற்றருக்குக் கிட்ட. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. பம்ப் மட்டும் கொழும்பில் தள்ளிய அதே டீசலைத் தள்ளும். காற்றுக் குறைந்து டீசல் கூடினால் கரி, புகை, காபன் மொனொக்சைட்டு மூன்றும் கூடும். உயரத்தை உணரும் சென்சர் உள்ள கன்ட்ரோலர் என்றால் தானே சரிசெய்யும். எங்களுக்கு ‘மலைக்கு ஏற்றது’ என்று சொல்லித் தந்ததில் அந்தச் சென்சர் இல்லை. அப்படியானவற்றில் பம்பின் வேகத்தைக் கையால் குறைக்க வேண்டும். பல எல்சிடி கன்ட்ரோலர்களில் 1688 என்ற இலக்கத்தைக் கொடுத்தால் அந்த மெனு திறக்கும். உச்ச வேகத்தை ஆறில் ஒரு பங்கு குறைத்துத் தொடங்குங்கள். புகை வாயில் புகை கண்ணுக்குத் தெரியாத நிலைதான் சரியான நிலை.

ஹீட்டர் கரி பிடித்து நின்றபோது விற்பனையாளர் சொன்னது “உங்கட டீசல் சரியில்லை”. லங்கா ஓட்டோ டீசலிலும் இந்த ஹீட்டர் ஓடும். சுப்பர் டீசலில் கந்தகம் குறைவு, அது நல்லது. மண்ணெண்ணெயில் கரி இன்னும் குறையும். பெற்றோலை மட்டும் கிட்டக் கொண்டுபோகக் கூடாது. குறை டீசலில் இல்லை. பெரிய உடம்பைச் சின்ன வேலைக்கு விற்றதிலும், உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்யாததிலும், படுத்த பம்பிலும்தான் இருக்கிறது. எந்த எரிபொருளாக இருந்தாலும் அணைக்குமுன் கால் மணி நேரமாவது உச்ச வேகத்தில் ஓட விடுங்கள், படிந்த கரி பெரும்பாலும் எரிந்துபோகும்.

நல்ல ஹீட்டரோ கெட்ட ஹீட்டரோ, காபன் மொனொக்சைட்டு அலாரம் இல்லாமல் இரவில் ஓட்டாதீர்கள். வாகனங்களுக்கான தரம் ஈஎன் 50291-2. அந்தத் தரத்தில் உள்ளது பத்து இலட்சத்தில் 300 பங்கு வந்தால் மூன்று நிமிடத்துக்குள் கத்தும், 50 பங்கு என்றால் 60 முதல் 90 நிமிடத்துக்குள். படுக்கும் தலை உயரத்தில் மாட்டுங்கள், சூடான காற்று நேரே அடிக்கும் இடத்தில் வேண்டாம். கத்தினால் பற்றரியை நிறுத்துவதா, ஜன்னலைத் திறப்பதா என்று யோசிக்க நேரமில்லை, எல்லோரும் வெளியே. யாருக்காவது மயக்கம், குழப்பம் என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அடியுங்கள். ஹீட்டருக்குப் பதில் கரி அடுப்பை உள்ளே வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது இதைவிட வேகமாகக் கொல்லும்.

பில் கேட்டபோது கடை முத்திரையில்லாத ஒரு துண்டில் ‘ஹீட்டர் 1’ என்று எழுதித் தந்தார்கள். வொறண்டி கேட்டால் ‘விற்ற சாமான் திருப்பி எடுக்க மாட்டோம்’ என்கிறார்கள். கேட்டால் பில் கொடுக்க வேண்டியது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி வியாபாரியின் கடமை. அதில் கிலோவாட், வோல்ட், தொடர் இலக்கம் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். 8 என்று எழுதத் தயங்குகிறவருக்கு அது 8 இல்லை என்று நன்றாகத் தெரியும். முறைப்பாட்டுக்கு அதிகாரசபையின் 1977 தொலைபேசி இலக்கம் இருக்கிறது, எழுத்திலும் கொடுங்கள். பாஸ் பூட்டியதைக் கழற்றுமுன் கிளிப், தரைத் துளை, வயர், பம்ப் ஒவ்வொன்றையும் கிட்டத்தில் படம் எடுத்து, கழற்றிய பாகங்களையும் அந்த ஸ்டிக்கரையும் ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள்.