மணாலி பைக் வாடகைக் கடை: வானிலை பார்த்து எங்க ட்ரிப்பையே மாத்தி விட்ட ஓனருக்காக இந்த ரிவ்யூ

அஞ்சுக்கு நாலரை குடுக்கிறேன். அந்த அரை ஸ்டார் எங்க போச்சுன்னு கடைசியில சொல்றேன், முதல்ல நல்ல விஷயத்தைச் சொல்லிடறேன்.

கோயம்புத்தூர்ல இருந்து நாங்க நாலு பேரு. மணாலில பைக் எடுத்து லடாக்ல இருக்கிற லே வரைக்கும் போயிட்டு அதே ரோட்டுல திரும்பி வர்றதுதான் பிளான். ஏப்ரல்லயே இந்தக் கடைக்கு போன் போட்டு ஜூலை ரெண்டாவது வாரம் நாலு ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பைக் வேணும்னு கேட்டேன். அட்வான்ஸ் அனுப்புங்கன்னு சொல்லுவாருன்னு பார்த்தா, எதுக்கு ஜூலைல வர்றீங்கன்னு திருப்பிக் கேட்டாரு. எங்களுக்கு லீவு அப்பதான் கிடைக்கும், அதுவும் இல்லாம லடாக் மழை மறைவு பிரதேசம்தானே, மழைக்காலத்துலயும் போலாம்னு எல்லாரும் சொல்றாங்களேன்னு கேட்டேன். அவரு பொறுமையா சொன்னாரு, லடாக்குல மழை கம்மிதான், ஆனா நீங்க முதல்ல மணாலிக்கு வந்து சேரணுமேன்னு. ஜூன் கடைசில ஹிமாச்சலுக்கு பருவமழை வந்துடும், மண்டில இருந்து மணாலி வரைக்கும் ரோடு பியாஸ் ஆத்தை ஒட்டியே வருது, 2023 ஜூலை 9, 10 தேதியில வந்த வெள்ளத்துல அந்த ஹைவேல பல இடத்துல ரோடே இல்லாம போச்சு. அதோட ஜூலைல மேல பனி உருகி நாலா எல்லாம் ரொம்பித்தான் ஓடும். (ரோட்டுக்குக் குறுக்கே ஓடுற ஓடையைத்தான் அங்க நாலான்னு சொல்றாங்க.)

சரி, அப்ப எப்ப வர்றதுன்னு கேட்டேன். மே, ஜூன்ல ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பனிச்சுவரு பாக்க அழகா இருக்கும், ஆனா புதுசா ஓட்டறவங்களுக்கு ஈர ரோடும் ஐஸும் கஷ்டம், செப்டம்பர் முதல் ரெண்டு வாரம் வாங்கன்னாரு. செப்டம்பர் கடைசி வரைக்கும் தள்ளாதீங்கன்னும் சொன்னாரு, 2018ல அந்தக் கடைசி வாரத்துலதான் மணாலிக்கு அந்தப் பக்கம் மலையைத் தாண்டி இருக்கிற லாஹௌல்ல திடீர்னு பனி கொட்டி நூத்துக்கணக்கான பேரு மாட்டிக்கிட்டாங்க, ஹெலிகாப்டர்ல போயி தூக்கிட்டு வந்தாங்க. எட்டு நாள் பிளானை பத்து நாளா ஆக்குங்க, போகும்போது ஒரு நாள், வரும்போது ஒரு நாள் எந்த வேலையும் வெக்காம சும்மா வெச்சுக்கோங்க, அது முடியாதுன்னா இந்த வருஷம் வராதீங்கன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டாரு. ஒரு கடைக்காரரு வர்ற வியாபாரத்தை வேணாம்னு சொல்லி நான் பார்த்ததே இல்ல. ஆபீஸ்ல கெஞ்சி லீவை மாத்தினோம்.

செப்டம்பர்ல போயி இறங்கினப்ப காலைல பத்து மணி. அன்னைக்கு மணாலில தங்கி மறுநாள் விடியக்காலைல கிளம்பலாம்னு ரூம் எல்லாம் போட்டிருந்தோம். கடைக்குப் போனா அவரு போனைத் திறந்து காட்டறாரு, சிம்லா வானிலை மையம் குல்லு மாவட்டத்துக்கு ஆரஞ்சு அலர்ட் குடுத்திருக்கு, விண்டிங்கிற வானிலை ஆப்லயும் ராத்திரியில இருந்து மழை. இன்னைக்கே சாயங்காலத்துக்குள்ள மலையைக் குடைஞ்சு போற அடல் டனலைத் தாண்டிடுங்க, ரூம் காசு போனா போகட்டும்னாரு. எங்களுக்கு மனசே இல்ல, பஸ்ல வந்த அலுப்பு வேற. ஆனாலும் கிளம்பினோம்.

அடல் டனல் 9 கிலோமீட்டர் சொச்சம், 2020 அக்டோபர்ல திறந்தது. இந்தப் பக்கம் உள்ள நுழையும்போது மேகம் தலைக்கு மேல தொங்குது, தூறல், ஹெல்மெட் கண்ணாடியை தொடச்சுத் தொடச்சு ஓட்டறோம். பத்து பன்னெண்டு நிமிஷம் கழிச்சு அந்தப் பக்கம் வெளிய வந்தா நீல வானம், வெயில், காஞ்ச மலை, சந்திரா ஆறு. பீர் பஞ்சால் மலைத்தொடர்தான் மழை மேகத்தை மணாலி பக்கமே நிறுத்திடுது, பள்ளிக்கூடத்துல புவியியல்ல படிச்சதுதான், ஆனா ஒரே மலையோட ரெண்டு பக்கத்தையும் கால் மணி நேரத்துக்குள்ள பார்த்தப்ப எனக்கு புல்லரிச்சுப் போச்சு. அன்னைக்கு ராத்திரி டனலைத் தாண்டி இருக்கிற சிஸ்ஸுங்கிற ஊர்ல தங்கினோம். மறுநாள் மணாலி பக்கம் மண்சரிவுல ரோடு அடைச்சு மதியம் வரைக்கும் வண்டி விடலைன்னு கேள்விப்பட்டோம். அதுக்காக மழை மறைவு பிரதேசம்னா மழையே வராதுன்னு நினைக்காதீங்கன்னும் அவரு சொல்லியிருந்தாரு, 2010 ஆகஸ்ட்ல லேலயே மேகவெடிப்பு வந்து எத்தனை உயிர் போச்சு.

அடுத்து அதே ரோட்டுல ஜிஸ்பாங்கிற ஊர்ல ரெண்டு ராத்திரி. உடம்பு உயரத்துக்குப் பழகட்டும்னு அவரு போட்டுக் குடுத்த கணக்கு. அங்கிருந்து காலைல அஞ்சு மணிக்கு கிளம்பணும்னு கண்டிப்பா சொன்னாரு. ஏன்னா ராத்திரி குளிருக்கு மேல பனி உருகாது, காலைல நாலாவுல தண்ணி கம்மியா இருக்கும், வெயில் ஏற ஏற உருகி மதியத்துக்கு மேல வேகமா வரும். போகும்போது அப்படியேதான் செஞ்சோம், ஜிங் ஜிங் பார் பக்கத்து நாலா பூட்ஸ் நனையற அளவுதான். 4,800 மீட்டருக்கு மேல இருக்கிற பாரலாச்சா லாவை (லான்னா கணவாய்) வெயில் நல்லா ஏறுறதுக்குள்ள தாண்டிட்டோம்.

வரும்போதுதான் தப்பு பண்ணோம். லேல இருந்து கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி வாட்ஸ்அப்ல மெசேஜ் போட்டாரு, மேற்கத்திய இடையூறு (மேற்குல இருந்து வந்து மலைல மழையும் பனியும் கொட்டற வானிலை) ஒண்ணு வருது, மேல பனி விழும், ஒரு நாள் லேலயே இருங்கன்னு. சும்மா வெச்சிருந்த அந்த ரெண்டாவது நாள் அப்பதான் உதவுச்சு. மறுநாள் சாயங்காலம் மணாலில இருந்து வந்தவங்க பாரலாச்சாவுல பனில ஊர்ந்து வந்தோம்னு சொன்னாங்க. அதுவரைக்கும் சரி. அதுக்கப்புறம் கிளம்பினப்ப வழியில சர்ச்சுங்கிற இடத்துல தங்கிட்டு காலைல நாலாவைக் கடங்கன்னு அவரு சொன்னதைக் கேக்காம, சர்ச்சு குளிருக்குப் பயந்து ஒரே நாள்ல ஜிஸ்பாவுக்கே போயிடலாம்னு ஓட்டினோம். சாயங்காலம் நாலு மணிக்கு அதே நாலா, முழங்கால் வரைக்கும் பழுப்புத் தண்ணி, அடியில கல்லு உருள்றது பைக் வழியா தெரியுது, புதுசா விழுந்த பனியும் அன்னைக்கு வெயில்ல சேர்ந்து உருகி வந்திருக்கு. ஒவ்வொரு பைக்கையும் மூணு பேரு பிடிச்சுத் தள்ளித்தான் கரை ஏத்தினோம். கால் மரத்துப் போயி அரை மணி நேரம் யாரும் பேசலை.

பைக் பத்தி: ஹிமாலயன் 411, 15 லிட்டர் டேங்க். லே போற வழியில டாண்டிங்கிற ஊர் பெட்ரோல் பங்க்ல அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்னு போர்டு இருக்குமே, அங்க ஃபுல் பண்ணி ஆளுக்கு அஞ்சு லிட்டர் கேன்ல எடுத்துக்கிட்டோம், லே போனப்ப கேன்ல பாதி மிச்சம். கிளட்ச் கேபிள், டியூப், பிரேக் பேடு எல்லாம் ஸ்பேரா ஒரு பைல போட்டுக் குடுத்தாங்க, பயன்படுத்தாததுக்கு காசு இல்ல. மணாலி வாடகை பைக்கை லேல இருந்து கர்துங் லா, பாங்காங் எல்லாம் எடுத்துட்டுப் போக அங்க இருக்கிற பைக் வாடகை யூனியன் விடமாட்டாங்க, அங்கயே வேற பைக் எடுங்கன்னு முன்னாடியே சொல்லிட்டாரு, அதனால சண்டை சச்சரவு இல்லாம போச்சு.

இப்ப அந்த அரை ஸ்டார். எங்க நாலு பைக்ல ஒண்ணுக்கு பின் டயர் மொழுக்கட்டையா இருந்துச்சு, கேட்டப்புறம்தான் மாத்தினாங்க, ரெண்டு மணி நேரம் போச்சு, மழைக்கு முன்னாடி கிளம்பணும்னு அவங்களே சொன்ன நாள்ல இது நடந்திருக்கக் கூடாது. வாடகைக்குக் குடுத்த ரெயின் சூட் கால் இடுக்குல தையல் விட்டிருந்துச்சு, டனலுக்கு முன்னாடியே என் பேன்ட் நனைஞ்சு அந்தக் குளிர்ல ராத்திரி வரைக்கும் காயலை. ரெயின் சூட்டும் வாட்டர்ப்ரூஃப் கிளவுஸும் ஊர்ல இருந்தே சொந்தமா கொண்டு போயிடுங்க. டெபாசிட் பைக்குக்கு 5,000, திரும்பி வர பன்னெண்டு நாள் ஆச்சு, ஒடிஞ்ச பிரேக் லிவருக்கு மட்டும் நியாயமான விலை பிடிச்சுக்கிட்டாங்க.

அடுத்த வருஷம் ஸ்பிட்டிக்கு இவருகிட்டயே கேட்டிருக்கேன். ஸ்பிட்டி போற வழியில இருக்கிற குன்ஜும் பாஸை (கணவாயை) திறந்துட்டாங்கன்னு நியூஸ் வந்த உடனே கிளம்பி வந்துடாதீங்க, ரெண்டு வாரம் விட்டு எனக்கு ஒரு போன் பண்ணுங்க, அப்புறம் டிக்கெட் போடலாம்னு சொல்லியிருக்காரு.