வய வந்தனா கார்டு: அப்பாவுக்கு வந்துடுச்சு, அக்காவுக்கு எப்போ?

அப்பாவுக்கு 73 வயசு. போன மாசம் ஹெர்னியா ஆபரேஷன், ஆயுஷ்மான் வய வந்தனா கார்டுலயே முடிச்சோம், பெரியவங்களுக்கு அரசு குடுக்கற இலவச மருத்துவக் காப்பீட்டு கார்டு இது. டெல்லில இருக்கற நம்மாளுங்க வீட்ல பெரியவங்களுக்கு இதை எடுக்கலாமான்னு யோசிச்சிட்டு இருந்தா உதவுமேன்னு எழுதறேன்.

70 வயசு ஆயிருக்கணும், ஆதார் இருக்கணும், அவ்ளோதான். வருமானம் எவ்வளவு, சொந்த வீடான்னு ஒருத்தரும் கேக்கல. விரல் ரேகை ரெண்டு தடவை வெச்சும் பதியல, அப்புறம் ஓடிபி போட்டு அரை மணி நேரத்துல கார்டு வந்துடுச்சு. மத்திய அரசு 5 லட்சம், டெல்லி அரசு 5 லட்சம், ஆக வருஷத்துக்கு 10 லட்சம். சுகர், பிபி முன்னாடியே இருந்தாலும் முதல் நாள்லேர்ந்தே கவர் ஆகுது, இதைத்தான் நான் பெருசா சொல்வேன், ஏன்னா பிரைவேட் பாலிசில அப்பாவுக்கு 3 வருஷம் வெயிட்டிங் போட்டாங்க, பிரீமியமும் ஏறி ஏறி 62,000 வந்து நின்னுச்சு, கட்ட முடியாம விட்டுட்டோம். ரிடையர் ஆகி சிஜிஹெச்எஸ் (மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டம்) வெச்சிருக்கறவங்க மட்டும் கவனிங்க, அதுவா இதுவான்னு ஒண்ணைத்தான் எடுக்க முடியும்.

குறையும் இருக்கு. அட்மிட் ஆகாம டாக்டரைப் பாத்துட்டு வர்ற ஓபிடி செலவு இதுல வராது. முதல்ல போன ஆஸ்பத்திரி லிஸ்ட்ல இருந்தும் "இந்த கார்டுக்கு பெட் இல்ல"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டாவது இடத்துல சேத்தாங்க, அப்ரூவல் வர ஒரு முழு நாள் ஆச்சு. டிஸ்சார்ஜுக்கப்புறம் 15 நாள் மருந்து குடுக்கணும், அஞ்சு நாளுக்குத்தான் குடுத்தாங்க, 14555 ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணப்புறம் மிச்சம் வந்துச்சு. கேட்டு வாங்குங்க, விட்டுடாதீங்க.

ஆனா நான் இதை எழுத உக்காந்ததே வேற ஒரு விஷயத்துக்காக. எங்க வீட்ல 15 வருஷமா வேலை செய்யற அக்கா, கள்ளக்குறிச்சி பக்கம், டெல்லி ஜங்புரால நம்ம தமிழாளுங்க இருந்த குடிசைப் பகுதி, மதராசி கேம்ப்ல இருந்தாங்க. 2025 ஜூன் 1ஆம் தேதி கேம்ப்ப இடிச்சப்புறம் பக்கத்துல போகல்ங்கற ஏரியால ஒரு ரூம் எடுத்து இருக்காங்க. 58 வயசு. கர்ப்பப்பை இறங்கியிருக்கு, ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லி ஒன்றரை வருஷமாச்சு, சர்க்கார் ஆஸ்பத்திரில தேதி தள்ளிட்டே போகுது. அப்பாவுக்கு கஞ்சி எடுத்துட்டு வந்த அன்னிக்கு கார்டை கைல வாங்கி திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. பாத்திரம் தேச்சுத் தேச்சு விரல் நுனில ரேகையே இல்ல, மொழுமொழுன்னு இருக்கு. "எனக்கு 70 ஆக இன்னும் 12 வருஷம் இருக்கே தம்பி, அதுவரைக்கும் இந்த உடம்பு நிக்குமா?"ன்னாங்க. எனக்கு பதில் வரல.

அப்போ வருமானம் பாத்துக் குடுத்தா சரியாயிடுமா? வீட்ல அப்பாவோட ரெண்டு நாள் வாக்குவாதமே நடந்துச்சு. "வருமானம்னா யாரோடது, என்னோடதா, உன்னோடதா? நீ சம்பாதிக்கறேன்னு என்னை வெளியில நிறுத்திடுவாங்க"ன்றார். அது நியாயம்தான். 2018ல ஆயுஷ்மான் திட்டம் ஏழைங்களுக்குன்னு ஆரம்பிச்சப்போ ஏழைங்க யாருன்னு 2011 கணக்கெடுப்ப வெச்சுத்தான் பாத்தாங்க. தமிழ்நாட்டுல முதலமைச்சர் காப்பீட்டுக்கு வருஷ வருமானம் 1,20,000க்குள்ளன்னு விஏஓகிட்ட சர்டிபிகேட் வாங்கணும், அக்காவுக்கு ஊர்ல ரேஷன் கார்டே இல்லயே. டெல்லி ஆயுஷ்மான்ல சேந்ததே 2025 ஏப்ரல்லதான், முதல்ல ரொம்ப ஏழைங்களுக்குக் குடுக்கற அந்தியோதயா ரேஷன் கார்டுக்காரங்களுக்குத்தான், அக்காகிட்ட இருக்கறது டெல்லியோட சாதா ரேஷன் கார்டு. வயசுக்கு ஆதார் போதும், ஏழைன்னு காட்டறதுக்குத்தான் பத்து ஆபீஸ் ஏறணும்.

அதனால வயசு பாத்துக் குடுக்கறதையே நிறுத்தச் சொல்லல. ஆனா எல்லாருக்கும் ஒரே 70ங்கறது அநியாயம். உடம்ப வெச்சு உழைக்கறவங்களுக்கு 50லயே உடம்பு தேஞ்சு போகுது. ரேஷன் கார்டு வெச்சிருக்கற ஏழைங்களுக்கு, அது எந்தக் கார்டா இருந்தாலும், வயசு கேக்காம குடுக்கணும், பென்ஷனும் சொந்த பிளாட்டும் இருக்கற எங்கள மாதிரி வீட்ல ஒரு தொகை பிரீமியமா வாங்கிக்கட்டும், நாங்க தருவோம், அப்பாவும் கடைசில இதுக்கு ஒத்துக்கிட்டார்.

கார்டு கண்டிப்பா எடுங்க. அக்காவோட ரேஷன் கார்டுல இன்னும் இடிச்ச கேம்ப் அட்ரஸ்தான் இருக்கு, இந்த வாரம் மாத்த ஆரம்பிச்சிருக்கோம், ரூம் ஓனர் வாடகை அக்ரிமெண்ட் எழுதிக் குடுக்க மாட்டேங்கறார். ஞாயித்துக்கிழமை அப்பாவே நேர்ல போய் பேசறேன்னு சொல்லியிருக்கார்.