புது மைனிங் மெஷினா, நேரடியாக பிட்காயினா?

“அண்ணே, காரைக்குடி வீடு பூட்டித்தானே கிடக்கு, இரண்டாம் கட்டுல ஒரு மைனிங் மெஷின் போடலாமா?” என்று சித்தப்பா மகன் கேட்டான். பிட்காயின் என்ற டிஜிட்டல் காசின் பரிவர்த்தனைகளைப் பதிய ஓயாமல் கணக்குப் போட்டு, கூலியாகப் புது பிட்காயின் பெறும் கம்ப்யூட்டர் அது. அதே பணத்துக்கு பிட்காயினையே வாங்கினால் என்ன என்றேன். சரி என்று இருவரும் கணக்குப் போட்டோம்.

ஆன்ட்மைனர் எஸ்21 மெஷினை எடுத்துக்கொண்டோம். வேகம் 200 டெராஹாஷ், அதாவது நொடிக்கு 200 லட்சம் கோடி கணக்கு முயற்சிகள்; மின்சாரம் 3,500 வாட். நாளுக்கு 84 யூனிட், இரண்டு மாத பில்லில் 5,000 யூனிட்டைத் தாண்டிவிடும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் நாளுக்கு 672 ரூபாய். வரவு? 2024 ஏப்ரல் முதல் ஒரு பிளாக்குக்கு, அதாவது பதியப்படும் ஒரு பரிவர்த்தனைத் தொகுப்புக்கு, கூலி 3.125 பிட்காயின்தான், உலகம் முழுக்க நாளுக்குச் சுமார் 450. உலகத்து மெஷின்கள் எல்லாவற்றின் மொத்த வேகம் 800 எக்ஸாஹாஷ் (ஒரு எக்ஸாஹாஷ் என்பது பத்து லட்சம் டெராஹாஷ்) என்று கொண்டால் நம் பங்கு நாளுக்கு 0.0001125 பிட்காயின். ஒரு பிட்காயின் விலை 60 லட்சம் ரூபாய் என்றால் 675 ரூபாய். மிஞ்சுவது 3 ரூபாய்! மெஷின் போட்ட காசு எப்போது திரும்பும்? அப்புறம் சூடு. ஆயிரம் வாட் ஹீட்டர் மூன்றரை, இரவும் பகலும் எரிவதுபோல. ஐயாக்கள் குளுமைக்காகக் கட்டிய சுண்ணாம்புச் சுவருக்குள் அதைக் கொண்டுவர எனக்கு மனமில்லை.

நேரடியாக வாங்கினால் விலை சரியலாம், அந்த பயம் நிஜம். ஆனால் கரண்ட் பில் இல்லை. லாபத்துக்கு 30% வரி. வாங்கிய விலையையாவது கழிக்கலாம். மைனிங்கில் மெஷின் செலவைக் கழிக்க முடியாது.

கையில் சோலார் மின்சாரம் உபரியாக இருந்தால் மறுபடி பேசலாம் என்றேன். தம்பி மெஷின் ஆர்டரை நிறுத்திவிட்டான்.