ஜெய்ப்பூர் கால்: அப்பா நாலு வருஷம் போட்டு நடந்த பிறகு எழுதுகிறேன்

அப்பாவுக்குச் சர்க்கரையால் வலது கால் முட்டிக்குக் கீழே போனது. அவருக்குத் தெருமுனையில் இஸ்திரி வண்டி, நாள் முழுக்க நின்றே செய்கிற வேலை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள், "வண்டியை யாருக்கும் கொடுத்துடாதே, நான் வருவேன்" என்றார்.

முதலில் ஒரு கடையில் காசு கொடுத்து ஒரு கால் வாங்கினோம். பாதம் கட்டை மாதிரி இருந்தது, ஷூ போட்டால்தான் நடக்க முடியும், சம்மணம் போட முடியாது. போய்க் கேட்டால், இனிமேல் நாற்காலியில் உட்காரப் பழகச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. காலை இழந்தவர் ஒரு சாக்கும் சொல்லவில்லை, காலைச் செய்தவர்கள் சொல்கிறார்கள், எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அப்புறம்தான் ஒரு முகாமில் ஜெய்ப்பூர் கால் கிடைத்தது. அதன் கதையைப் படித்தபோது, அங்கேயும் இதே சிக்கலில்தான் எல்லாம் தொடங்கியிருக்கிறது. ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தி கொடுத்த செயற்கைக் கால்களை நோயாளிகள் கழற்றிப் போட்டுவிட்டார்கள். ஏனென்றால் அவர்கள் தரையில் குந்த வேண்டும், சேற்றில் இறங்க வேண்டும், கோவில் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். "நீங்கள் மாறுங்கள்" என்று அவர்களை அனுப்பாமல் காலை மாற்றினார்கள். அதைச் செய்தது பெரிய படிப்பு இல்லாத கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் சேத்தியும், 1968 வாக்கில். 1975இல் தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி என்ற தொண்டு நிறுவனம் இதை இலவசமாகவே கொடுக்கிறது. 1981இல் திருச்சி அருகே விபத்தில் காலை இழந்த சுதா சந்திரன் மறுபடி பரதம் ஆடியது இந்தக் காலில்தான்.

பாதத்துக்குள் ஸ்பாஞ்சு ரப்பர், கணுக்காலுக்கு மரக்கட்டை, மேலே தோல் நிற ரப்பரைச் சுற்றி அச்சில் வைத்து டயர் மாதிரி வேகவைக்கிறார்கள். மிச்சமிருக்கும் காலை நுழைக்கிற கூட்டைச் சாக்கெட் என்கிறார்கள். அதைச் செய்வது தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற அதே வகை பிளாஸ்டிக்கில். மாவுக்கட்டு போட்டு அச்செடுத்து, சூடாக்கின குழாயை அந்த அச்சின் மேல் இழுக்கிறார்கள். அப்பா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "நம்ம பெட்டிச் சூட்டுக்கே இளகிடும்போல" என்று கவலைப்பட்டார். அப்படி எதுவும் ஆகவில்லை, ஆனாலும் கரிப்பெட்டியைக் காலிலிருந்து தள்ளியே வைக்கிறார்.

முதல் மாதம் லேசாக இல்லை. பத்து நிமிஷம் நின்றால் வேர்த்துப் பல்லைக் கடிப்பார். காலை ஐந்து மணிக்கு ஆளில்லாத தெருவில் மின்கம்பத்துக்கு மின்கம்பம் எண்ணி நடந்து பழகினார். இப்போது வெறுங்காலோடு போகிறார், தரையில் உட்கார்ந்து எங்களோடு சாப்பிடுகிறார், மழைத் தண்ணீரில் இறங்கினாலும் துடைத்துவிட்டால் சரி.

குறைகளும் உண்டு. சித்திரை வெயிலில் சாக்கெட்டுக்குள் வேர்வை ஊறி நாறும், தினமும் கழுவித் துடைத்துக் காயவைக்க வேண்டும். மிச்சமிருக்கும் கால் போகப் போக மெலிந்ததில் சாக்கெட் லூசாகி, இரண்டு காலுறை போட்டுச் சமாளித்தோம், பிறகு புதிதாக அளவெடுக்க வேண்டியிருந்தது. கட்டைவிரல் பக்கம் ரப்பரில் வெடிப்பு விட்டிருக்கிறது.

சர்க்கரைக்காரர்கள் இதை மட்டும் விடாதீர்கள்: உணர்ச்சி குறைவாக இருப்பதால் புண் வந்தாலே தெரியாது. ராத்திரி காலைக் கழற்றியதும் கண்ணாடி வைத்து, மிச்சமிருக்கும் காலின் அடிப்பக்கம் பார்க்க வேண்டும். நாங்கள் ஒருமுறை தவறவிட்டோம், கொப்புளம் உடைந்து இரண்டு வாரம் காலே போட முடியவில்லை. அந்த இரண்டு வாரமும் வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து துணியை மடித்துக் கொடுத்தார், தேய்த்தது நான். காலர் மடிப்பை நான் கோணலாக விட்டதற்கெல்லாம் திட்டு வாங்கினேன்.

முகாமுக்குப் போகிறவர்கள் வேட்டியோ அரைக்கால் டிரவுசரோ போட்டுக்கொண்டு போங்கள், அளவெடுக்கச் சுலபம். புண் முழுக்க ஆறிய பிறகு போங்கள். போட்டதும் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பாமல் அங்கேயே அரைமணி நேரம் நடந்து, குந்தி, எழுந்து பாருங்கள். எங்கே உறுத்துகிறதோ அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினால் அங்கேயே சூடு காட்டிச் சரிசெய்து கொடுத்தார்கள், அப்பா மூன்று முறை காட்டினார்.