அம்மாவின் போனில் ஒரே கம்பெனி, மூன்று லாகின்

இந்த முறை பிரான்சிலிருந்து ஊருக்கு வந்தபோது, புதுச்சேரியில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நேரு வீதி நெரிசல் அப்படியேதான். பெரிய மார்க்கெட்டில் கீரைக்கார அம்மா வரைக்கும் யூபிஐ. என்னை உட்காரவைத்து முழிபிதுங்கச் செய்தது, லாஸ்பேட்டை வீட்டில் அம்மாவின் போனுக்குள் இருந்த ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். வைப்புத்தொகை, மருத்துவக் காப்பீடு, நகைக்கடன் எல்லாம் அதிலேயே. ஆனால் மூன்றுக்கும் தனித்தனி ஆப்.

ஒன்றில் போன் நம்பரும் பின் (PIN) நம்பரும். அடுத்ததில் பாலிசி எண்ணும் பாஸ்வேர்டும். அந்தப் பாஸ்வேர்டை அடிக்கடி மாற்றச் சொல்லி நச்சரிப்பதால், அம்மா ஒரே பெயருக்குப் பின்னால் 1, 2, 3 என்று போட்டுப் பால் கணக்கு நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். காரணமில்லாமல் இப்படி மாற்றவைக்காதீர்கள் என்று அமெரிக்காவின் தொழில்நுட்பத் தர அமைப்பான என்ஐஎஸ்டி 2017-லேயே வழிகாட்டிவிட்டது. இங்கே யார் காதிலும் விழவில்லை போலும்.

மூன்றாவதான நகைக்கடன் ஆப்தான் வயிற்றைக் கலக்கியது. அதன் ஓடிபி இன்னும் அப்பாவின் நம்பருக்குப் போகிறது. அப்பா போனபின் அந்த சிம்முக்கு யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை. 90 நாள் பயன்படுத்தாத நம்பரை போன் கம்பெனி நிறுத்திவிட்டுப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அம்மாவின் புது நம்பரை வைப்புத்தொகைப் பிரிவில் எப்போதோ கொடுத்தாயிற்று. கிளையில் கேட்டால், "அது வேற சிஸ்டம் சார்."

இதற்கிடையே காப்பீடு காலாவதியாகிறது என்று ஒரு போலி லிங்க் வந்தது. தொடாதே என்றேன். "ஒவ்வொண்ணும் ஒரு மாதிரிதானேப்பா இருக்கு, இது மட்டும் போலின்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அம்மா. பதில் சொல்ல முடியவில்லை. நுழைவுப் பக்கம் எங்கும் ஒரே மாதிரி இருந்திருந்தால் அவரே சந்தேகப்பட்டிருப்பார்.

நான் இருக்கும் பிரான்சில் ஃபிரான்ஸ்கனெக்ட் என்ற அரசின் பொது லாகின் 2016-ல் வந்தது. வரித்துறைக் கணக்கை வைத்தே மற்ற பல அரசுத் தளங்களுக்குள் போகலாம். இந்தியாவிலும், ஆவணங்களை வைத்துக்கொள்ளும் அரசின் டிஜிலாக்கர் கணக்கால் வேறு அரசுத் தளங்களில் நுழைய முடிகிறது. ஒரு தனியார் கம்பெனி தன் மூன்று ஆப்பை இணைக்க என்ன தடை? ஒரே லாகினில் பல ஆப்களுக்குள் போக 2014-லிருந்தே ஓபன்ஐடி கனெக்ட் என்ற பொது முறை இருக்கிறது. பாஸ்வேர்டை மைய லாகின் மட்டுமே பார்க்கும். "இவர் இன்னார்தான்" என்று டிஜிட்டலாகக் கையொப்பமிட்ட ஒரு சீட்டு (டோக்கன்) மட்டும் ஆப்களுக்குப் போகும். நம்பரை ஓரிடத்தில் மாற்றினால் போதும். ஒரு லாகின் திருடுபோனால் மூன்றும் போகும் என்ற பயம் நியாயமானது. அதனால்தான் பணம் எடுக்கும்போது இன்னொரு சரிபார்ப்பு வேண்டும். பாஸ்வேர்டுக்குப் பதிலான டிஜிட்டல் சாவியான பாஸ்கீ வைத்தால் கைரேகையே போதும். அது அசல் தளத்துக்கு மட்டுமே வேலை செய்யும், போலித் தளம் கேட்டாலும் கிடைக்காது.

நகைக்கடன் நம்பரை மாற்ற அம்மாவையே நேரில் கூட்டிப்போக வேண்டியிருந்தது. கவுன்டரில் இருந்த பெண் பொறுமையாகச் செய்துகொடுத்தார். காப்பீட்டுக்கு என்று கேட்டதும், அதே ஆதார் நகலை இன்னொன்று எடுத்து மாடிக்குப் போகச் சொன்னார்.